பழகுநர் என்றொரு பெயர்

"வேலை கிடைத்துவிட்டதா?" என்று பொறியியல் முடித்த இளைஞனை வினவினால், "கிடைத்த மாதிரிதான்" என்று விடை வருகிறது. அறந்தாங்கியிலும் கோட்டைப்பட்டினத்திலும் அன்னவாசலிலும் இவ்விடையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த 'மாதிரி' என்னும் சிறு சொல்லுக்குள் ஓர் இளைஞனின் ஓராண்டு வாழ்வு அடங்கிக் கிடக்கிறது. அவன் நாள்தோறும் ஆலைக்குச் செல்கிறான்; ஆனால் தொழிலாளி அல்லன். பட்டம் பெற்றுவிட்டான்; ஆனால் மீண்டும் மாணாக்கன். மாதந்தோறும் பணம் வாங்குகிறான். ஆனால் அது சம்பளம் அன்று. ஊரார் அவனை 'அப்ரண்டிஸ்' என்கின்றனர். அரசு ஏடுகள் 'பட்டதாரி தொழில் பழகுநர்' என்கின்றன.

பழகுதல் இழிவன்று. கையால் தொட்டுப் பழகாத பொறியியல், நீரில் இறங்காமல் கற்ற நீச்சலுக்கு ஒப்பானது. பழகுநர் என்று பெயரிட்டு, பழக்காமல் வேலை மட்டும் வாங்கிக்கொள்வதே இழிவு. அந்த இழிவைச் சட்டம் தடுக்காமல் நிற்பதும், நம் சமுதாயப் பெரியோர் அதனைக் கண்டும் காணாதிருப்பதும் அதனினும் பெரிய இழிவு. இக்கட்டுரையில் நாம் தொடுக்கும் வழக்கு இதுவே.

அந்த ஓராண்டு

புதுக்கோட்டை 1974-ஆம் ஆண்டு சனவரி 14 அன்று தனி மாவட்டமாயிற்று. ஐம்பதாண்டு கடந்தும் இது கண்மாயையும் கடலையும் நம்பிய மாவட்டமாகவே இருக்கிறது. மேற்கே மாத்தூர், விராலிமலைப் பகுதிகளில் தொழிற்கூடங்கள் உண்டு. கிழக்கே மணமேல்குடி முதல் மீமிசல் வரை படகும் வலையும் உண்டு. இடையில் கிடப்பது மானாவாரி நிலம். ஆகவே பொறியியல் படித்த பிள்ளை வடக்கே திருச்சிக்கோ, அதனையும் தாண்டித் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கமோ பெட்டியைத் தூக்க வேண்டியவனாகிறான்.

திருவெறும்பூரில் 1965 முதல் இயங்கிவரும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை நம் பக்கத்துப் பிள்ளைகளின் கனவாக இருந்த காலம் ஒன்றுண்டு. அதனைச் சார்ந்து எழுந்த துணைத் தொழிற்கூடங்கள் துவாக்குடியிலிருந்து நம் மாத்தூர் வரை பரவின. 2010-களில் அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் சுருங்கியபோது அக்கூடங்களும் வாடின. நிலையான வேலைகள் குறையக் குறைய, பழகுநர் இடங்கள் மட்டும் இளைஞர்களின் பேச்சில் பெருகின.

அவ்வாறு செல்லும் பிள்ளையின் ஓராண்டு எப்படிக் கழிகிறது? இணையத்தில் பதிவு செய்கிறான். அழைப்பு வருகிறது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறான். அந்த ஒப்பந்தத்தை முழுதும் படித்துப் பார்த்தவனை நாம் இன்னும் சந்திக்கவில்லை. பிறகு வாயிற்காவலர் ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுகிறார். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நிறம், பழகுநனுக்கு மற்றொரு நிறம். உணவுக்கூடத்தில் எந்த மேசையில் அமர்வது என்பதைக்கூட அந்த நிறம் முடிவு செய்யும் ஆலைகள் உண்டு.

நல்லூழ் உடையவனுக்கு நல்ல மேற்பார்வையாளர் வாய்க்கிறார். வரைபடத்தைக் கையில் தந்து, "இந்தக் குழாயின் பற்றவைப்பில் ஏன் விரிசல் வந்தது, சொல்" என்று கேட்கிறார். அவன் அன்றிரவு உறங்காமல் பாடநூலைப் புரட்டுகிறான். அது பயிற்சி. ஏனையோரின் நிலை என்ன? ஒருவன் ஓராண்டும் கோப்புகளை நகலெடுக்கிறான். ஒருவன் கிடங்கில் சரக்கு எண்ணுகிறான். ஒருவன் உற்பத்தி வரிசையில் நின்று ஒரே திருகாணியை முடுக்குகிறான். அவனுக்கு அருகில் நிற்பவர் அதே திருகாணியை முடுக்கி அவனைப்போல் இரு மடங்கும் மும்மடங்கும் ஊதியம் பெறுகிறார். முதல் வாரத்தில் கற்றுக்கொண்டதை ஐம்பத்திரண்டாம் வாரத்திலும் செய்துகொண்டிருப்பவனைப் பழகுநன் என்று எந்த அகராதியைக் கொண்டு அழைப்பது?

எந்த ஆலை என்று பெயர் சொல்ல நாம் முற்படவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவை தப்பிவிடும்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

பழகுநர் சட்டத்துக்கு இந்நாட்டில் நெடிய வரலாறு உண்டு. 1850-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய ஆட்சி ஒரு சட்டம் இயற்றியது. அனாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஒரு தொழிலில் பிணைத்துவிடுவது அதன் நோக்கம். விடுதலைக்குப் பின் 1961-இல் புதிய சட்டம் வந்தது. முதலில் அது கம்மியர், கடைசலர், பொருத்துநர் போன்ற கைத்தொழில்களுக்கே உரியதாயிருந்தது. 1973-இல் திருத்தம் செய்து பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் அதனுள் கொணர்ந்தனர். அவர்களுக்கென்று சென்னை, மும்பை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் பழகுநர் பயிற்சி வாரியங்கள் இயங்குகின்றன. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் அல்லாத பிற பட்டதாரிகளுக்கும் வாயில் திறந்தது. அண்மை ஆண்டுகளில் பட்டப்படிப்புக்குள்ளேயே பழகுநர் பயிற்சியை இணைக்கும் திட்டமும் வந்துவிட்டது. ஆக, இது சிலரது சிக்கல் என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. கல்லூரிக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையின் வாசலுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

இச்சட்டத்தின் 18-ஆம் பிரிவுதான் முதன்மையானது. பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்று அது வரையறுக்கிறது. வருங்கால வைப்பு நிதி இல்லை. தொழிலாளர் அரசுக் காப்பீடு இல்லை. உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி ஆகியவை பற்றிய தொழிற்சாலை விதிகளும், விபத்து நேர்ந்தால் இழப்பீடும் மட்டும் அவருக்கு உண்டு என 14, 16-ஆம் பிரிவுகள் கூறுகின்றன. அந்த அளவுக்கு நன்றி கூறுவோம். ஆனால் இயந்திரத்தில் விரல் நசுங்கினால் மட்டும் அவன் தொழிலாளியைப் போன்றவன், நசுங்காத வரையில் மாணாக்கன் என்னும் நியாயம் நமக்கு விளங்கவில்லை.

மிகைநேர வேலைக்குப் பழகுநரை அமர்த்தலாகாது. பழகுநர் ஆலோசகரின் இசைவு வேண்டும். அவரும் பயிற்சியின் நலனுக்கோ பொதுநலனுக்கோ என்றாலன்றி இசைவு தரலாகாது என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. மிக நல்ல விதி. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு, "இந்தச் சரக்கை ஏற்றிவிட்டுப் போ, தம்பி" என்று மேற்பார்வையாளர் சொல்லும்போது, "ஆலோசகரின் இசைவு எங்கே?" என்று கேட்கும் நெஞ்சுரம் எந்தப் பழகுநனுக்கு உண்டு? சான்றிதழ் அந்த மேற்பார்வையாளரின் கையொப்பத்தைச் சார்ந்து நிற்கிறதே! ஒப்பந்தம் பற்றிய பூசல் எழுந்தால் ஆலோசகரிடம் முறையிடலாம் என்றும் சட்டம் கூறுகிறது. தென்மண்டல வாரியம் சென்னையில் இருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். போகவர ஆகும் செலவை அவனது உதவித்தொகையிலிருந்து கழித்துப் பாருங்கள்.

2014-க்கு முன் இச்சட்டத்தை மீறும் முதலாளிக்குச் சிறைத்தண்டனையும் விதிக்கலாம் என்றிருந்தது. அவ்வாண்டுத் திருத்தம் சிறையை நீக்கி அபராதத்தை மட்டும் விட்டுவைத்தது. பழகுநரை விதிக்குப் புறம்பாக மிகைநேரம் வேலை வாங்கினால் ஒவ்வொரு முறைக்கும் ஆயிரம் ரூபாய் அபராதம். ஓர் ஆலை முதலாளிக்கு ஆயிரம் ரூபாய் என்ன பெறும்?

இதனினும் வேதனை தரும் மாற்றம் ஒன்றுண்டு. 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டம் தொழிலாளி என்னும் சொல்லுக்கு வரையறை தந்தபோது, பழகுநரையும் உள்ளிட்டு என்று வெளிப்படையாகச் சேர்த்தது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமோ, பழகுநர் சட்டத்தின் கீழ் வருவோர் நீங்கலாக என்று வரையறுக்கிறது. உள்ளே இருந்தவனை வெளியே நிறுத்திவிட்டது ஒரு சொல். இவ்வளவு பெரிய பொருளைக் கொண்ட இவ்வளவு சிறிய சொல்லைப் பற்றி நம் மேடைகளில் ஒருவரும் பேசக் கேட்டோமில்லை.

கணக்கைப் பார்ப்போம்

உணர்ச்சியால் பேசுகிறோம் என்று சிலர் நினைக்கலாம். எண்களைப் பேசவிடுவோம்.

2014 திசம்பரில் பட்டதாரிப் பழகுநரின் குறைந்தபட்ச மாத உதவித்தொகை 4,984 ரூபாய். 2019 செப்டம்பரில் அது 9,000 ரூபாய் ஆயிற்று. அதன்பின் ஆறாண்டுக் காலம் அரிசி ஏறிற்று, பேருந்து ஏறிற்று, அறை வாடகை ஏறிற்று, உதவித்தொகை ஏறவில்லை. 2025 மே மாதம் மத்தியப் பழகுநர் மன்றம் 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. நன்று. ஆனால் இடைப்பட்ட ஆறாண்டில் பழகிப் போனவர்கள் அந்த 36 விழுக்காட்டை யாரிடம் கேட்பது?

மாதம் 26 நாள் என்று கொண்டால், 9,000 ரூபாய் நாளொன்றுக்கு 346 ரூபாய். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். கண்மாய்க் கரையில் மண் சுமக்கும் தாயின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அவளுக்கும் அக்கூலி போதாது என்பதே நம் கருத்து. ஆனால் அந்தத் தாய் தன் நகையை அடகுவைத்து நான்காண்டு பொறியியல் படிக்கவைத்த மகனுக்கும் அவளுக்கும் நாட்கூலியில் பத்து ரூபாய்தான் வேற்றுமை என்றால், அந்த நான்காண்டின் விலை என்ன?

இன்னொன்றும் உண்டு. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. அதாவது 9,000 ரூபாயில் முதலாளியின் பங்கு 4,500. நாளொன்றுக்கு 173 ரூபாய். ஒரு பொறியியல் பட்டதாரியின் பகற்பொழுது முழுவதும் 173 ரூபாய்க்கு! குறைந்தபட்சம் என்றுதான் சட்டம் சொல்கிறது. கூடுதலாகத் தரலாகாது என்று எவரும் தடுக்கவில்லை. கூடுதலாகத் தரும் நிறுவனங்களும் உண்டு. ஆயினும் பற்பல இடங்களில் தரையென்று சட்டம் போட்டதைக் கூரையென்று கொண்டுவிட்டனர்.

2019-ஆம் ஆண்டு விதிப்படி முப்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரை அமர்த்த வேண்டும். 200 பேர் பணிபுரியும் ஆலையில் ஐவர் முதல் முப்பதின்மர் வரை பழகுநர் இருக்கலாம். முப்பது பேரும் ஓராண்டு முடிந்து வெளியேற, மறு ஆண்டு புதிய முப்பது பேர் உள்ளே வருகின்றனர். வேலை அப்படியே இருக்கிறது. ஆள் மட்டும் மாறுகிறான். ஆண்டுதோறும் நிரம்பிக்கொண்டேயிருக்கும் இடத்துக்கு நிரந்தரமாக ஓர் ஆளை எதற்காக எடுக்கப் போகிறார்கள்?

வங்கிக் கல்விக்கடன் வாங்கியவர்களுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. அந்த ஓராண்டும் பழகுநர் ஓராண்டும் ஒன்றாக முடிகின்றன. ஒரே மாதத்தில் உதவித்தொகை நிற்கிறது, தவணை தொடங்குகிறது. வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கமே செல்லாத நம் குடும்பங்களிலோ, தவணைக்குப் பதிலாக உறவினரின் பார்வை தொடங்குகிறது.

பட்டறையும் ஆலையும்

"அந்தக் காலத்தில் பட்டறையில் பையன்கள் காசில்லாமல்தானே தொழில் கற்றார்கள்? ஒன்பதாயிரம் தருகிறார்களே, போதாதா?" என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு விடை கூறாமல் நகர்தல் நேர்மையாகாது.

ஆம், கற்றார்கள். நம் கடற்கரையில் இன்றும் படகு எந்திரம் பழுதுபார்க்கும் பட்டறைகளில் கையாள் பையன்கள் உண்டு. மேஸ்திரி அவனை ஏசுவார். சில வேளை அடிக்கவும் செய்வார். அதனை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதே மேஸ்திரி மதியம் தன் சோற்றில் அவனுக்குப் பங்கு தந்தார். பெருநாளுக்குச் சட்டை எடுத்துக்கொடுத்தார். எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் நுணுக்கத்தை அவன் காதில் ஏற்றினார். அவன் கைதேர்ந்ததும், "இவன் என்னிடம் தொழில் படித்தவன்" என்று நான்கு பேரிடம் சொல்லி வேலை பிடித்துத் தந்தார். அந்தச் சொல் எந்தச் சான்றிதழினும் வலியது. அவன் தனியாகப் பட்டறை வைக்கும் நாளில் முதல் ஸ்பானரை எடுத்துக்கொடுத்தவரும் அவரே.

அங்கே பணிவும் இருந்தது. அதற்கு ஈடான கடமையும் இருந்தது. இன்றைய ஆலை அப்பையனின் பணிவை மட்டும் கேட்கிறது. மேஸ்திரியின் கடமையை விட்டுவிட்டது. பழைய முறையைச் சான்று காட்டுவோர் பாதியை மறைத்துக் காட்டுகின்றனர். குருவின் உரிமை வேண்டும், குருவின் பொறுப்பு வேண்டாம் என்றால் அது வியாபாரம். வியாபாரம் என்றால் விலையைச் சரியாகப் பேசுவோம். உழைத்தவனின் கூலியைத் தாழ்த்தாமல் உடனே கொடுக்க வேண்டும் என்னும் நபிவழியை நம் மேடைகளில் கேளாதார் இலர். அது பழகுநனுக்குப் பொருந்தாது என்று எவரும் விலக்கு எழுதியதாக நாம் அறியோம்.

செய்து காட்டியவர்கள்

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்பாரும் உண்டு. அவர்களைக் கோயமுத்தூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டுகிறோம். அங்குள்ள பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் 'சாண்ட்விச்' என்னும் ஐந்தாண்டுப் பொறியியல் படிப்பு நெடுங்காலமாக நடைபெறுகிறது. 1926-இல் தொடங்கப்பட்ட அவர்களது தொழிற்கூடத்தில் மாணாக்கர் படிக்கும்போதே வேலையும் பயில்கின்றனர். வகுப்பும் பட்டறையும் ஒரே வளாகத்தில். காலையில் கேட்ட பாடம் மாலையில் கைக்கு வருகிறது. நிறுவனம் மனம் வைத்தால் பயிற்சி உண்மையாகவே பயிற்சியாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

மேனாடுகளையும் பார்ப்போம். செருமனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 1970-களிலேயே பட்டப்படிப்பையும் ஆலைப் பயிற்சியையும் ஒன்றாகப் பின்னிய கல்விக்கழகங்கள் தோன்றின. மாணாக்கர் சில மாதம் கல்லூரியிலும் சில மாதம் ஆலையிலும் மாறிமாறி இருப்பர். இரு காலத்துக்கும் நிறுவனம் ஊதியம் தரும். இங்கிலாந்தில் 2015 முதல் பட்டப் பழகுநர் முறை நடைபெறுகிறது. அங்கே பழகுநன் முதல் நாளிலிருந்தே பணியாளன். வேலை ஒப்பந்தம் அவன் கையில் இருக்கிறது. கல்லூரிக் கட்டணம் அவனுடையதன்று. முதலாளியும் அரசும் ஏற்கின்றனர். பணி நேரத்திலேயே படிப்புக்கென்று நேரம் ஒதுக்கப்படுகிறது.

நம் நாட்டில் நடப்பது தலைகீழ். பிள்ளை தன் செலவில் நான்காண்டு படித்துப் பட்டம் வாங்குகிறான். கல்லூரி தன் கடமையான பயிற்சியைத் தராமல் கைவிடுகிறது. பிறகு அந்தக் குறையை நிரப்ப அவனே ஓராண்டைக் குறைந்த பணத்துக்குத் தருகிறான். கல்லூரி வாங்கிய கட்டணத்தில் ஒரு பைசாவும் திரும்பி வருவதில்லை. மேனாட்டிலிருந்து பெயரை இறக்குமதி செய்தவர்கள் பொருளைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டனர்.

ஆண்டு முடிந்தபின்

பயிற்சி முடிந்தவனுக்கு வேலை தர முதலாளி கடமைப்பட்டவர் அல்லர் என்பதே சட்டத்தின் நெடுநாள் நிலை. 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 22-ஆம் பிரிவை மாற்றி, பயிற்சி முடித்தோரைப் பணியில் அமர்த்துவது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தமக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றனர். கொள்கை வகுக்க வேண்டும் என்றார்களே தவிர, அக்கொள்கை என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னார்களில்லை. எவரையும் எடுப்பதில்லை என்பதும் ஒரு கொள்கைதானே!

உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பழகுநர்கள் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்சநீதிமன்றம் ஒரு வழி காட்டிற்று. பிற தகுதிகள் சமமாயிருக்கும்போது நேரடியாக வருவோரைவிடப் பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும்; வேலைவாய்ப்பகத்தின் பரிந்துரையை அவர்களிடம் எதிர்பார்க்கலாகாது; வயது வரம்பிலும் சலுகை வேண்டும் என்பன அத்தீர்ப்பின் கருத்துகள். தீர்ப்பு வந்து முப்பதாண்டு ஆகிறது. அதனை அறிந்த பழகுநர் எத்தனை பேர்? அறிந்து கேட்டவர் எத்தனை பேர்?

கேட்டவர்களும் உண்டு. 2018 மார்ச் 20 அன்று மும்பையில் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே இரயில்வேயில் பயிற்சி முடித்த பழகுநர்கள் தண்டவாளத்தில் அமர்ந்தனர். மாநகரமே நின்றது. அடிமட்டப் பணியிடங்களில் 20 விழுக்காட்டை மட்டும் தமக்கு ஒதுக்குவது போதாது என்பது அவர்களின் முறையீடு. தண்டவாளத்தில் அமர்வதை நாம் பரிந்துரைக்கவில்லை. அதனால் துன்புறுவோர் ஏழை எளியோரே. ஆனால் படித்த இளைஞன் தண்டவாளத்தில் அமரும் நிலைக்கு வரும்வரை காது கொடுக்காதவர்கள், அவன் அமர்ந்தபின் ஒழுங்கைப் பற்றி உபதேசிப்பது அழகன்று.

நம் வீடுகளும் நம் ஜமாஅத்துகளும்

இதுகாறும் அரசையும் ஆலையையும் நோக்கிப் பேசினோம். இனி நம் பக்கம் திரும்புவோம்.

ஓராண்டு பழகுநராயிருக்கும் பிள்ளையை நம் வீடுகள் எவ்வாறு பார்க்கின்றன? "பக்கத்து வீட்டுப் பையன் துபாய்க்குப் போய் அறுபதாயிரம் அனுப்புகிறான், நீ பட்டம் வாங்கி ஒன்பதாயிரத்துக்கு எண்ணெய்த் துணியோடு நிற்கிறாய்" என்ற சொல் எத்தனை வீடுகளில் எழுகிறது! அத்தா சொல்லாவிட்டாலும் மாமன் சொல்கிறார். அதனைக் கேட்டவன் ஆறாம் மாதமே பயிற்சியை விட்டுவிட்டு விசாவுக்கு ஓடுகிறான். ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர நேரிடலாம் என்பது அவனுக்குத் தெரியாது. அரைகுறைப் பயிற்சியோடு போனவனுக்கு அங்கேயும் உதவியாளர் வேலைதான் காத்திருக்கும் என்பதும் தெரியாது. முழுப் பயிற்சியும் சான்றும் பெற்றுச் செல்பவன் வெளிநாட்டிலும் ஒரு படி மேலேதான் நிற்பான். கைத்தொழிலை இழிவாகக் கருதும் நோய் நமக்கு எங்கிருந்து வந்தது? இரும்பை வளைத்துக் கவசம் செய்த தாவூத் நபியையும், கப்பல் கட்டிய நூஹ் நபியையும் போற்றும் சமுதாயத்தில் எண்ணெய்க் கறைக்கு வெட்கம் ஏன்?

பெண்மக்களின் நிலை இன்னும் கடினம். பொறியியல் படிக்க அனுப்புகிறோம்; பயிற்சிக்கு அனுப்பத் தயங்குகிறோம். வெளியூரில் தங்க இடம் எங்கே, இரவு வேலை இருந்தால் என்ன செய்வது என்னும் கவலைகள் பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கு விடை தேடாமல், "திருமணம் ஆகட்டும்" என்று கதவை மூடுவது விடையாகாது. ஆண்கள் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டிக்கு எதிர்ப்புகளை மீறி மன்னர் இடம் கொடுத்தது இந்தப் புதுக்கோட்டையில்தான். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் இம்மாவட்டத்தில்தான்; அதில் நம் வீட்டுப் பெண்களும் இருந்தனர். அன்று மிதிவண்டியில் ஏறிய தாயின் மகள் இன்று ஆலை வாயிலுக்குச் செல்ல அஞ்சுவதா?

நம் ஜமாஅத்துகள் மண்டபம் கட்டுகின்றன, விருந்து நடத்துகின்றன, முதல் மதிப்பெண் பெற்றோருக்குக் கேடயம் தருகின்றன. நல்ல செயல்களே. ஆனால் திருவெறும்பூரிலும் ஒரகடத்திலும் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறையில் முடங்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு தங்கும் விடுதி அமைக்க எந்த ஊர் ஜமாஅத்தாவது முன்வந்ததுண்டா? பயிற்சிக் காலத்துக்கு மாதம் மூவாயிரம் வட்டியில்லாக் கடனாகத் தந்து, வேலை கிடைத்தபின் திருப்பிப் பெறலாமே! ஒரு கேடயத்தின் விலையில் ஒரு பிள்ளையின் ஒரு மாத வாடகை அடங்கிவிடும்.

நாம் கேட்பது என்ன?

முடிவாக, நம் கோரிக்கைகளைச் சுருங்கச் சொல்வோம்.

உதவித்தொகையை விலைவாசியோடு இணையுங்கள். ஆறாண்டுக்கொருமுறை நினைவு வந்து உயர்த்தும் வழக்கம் ஒழியட்டும். பயிற்சியின் பாடத்திட்டத்தை ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தமிழில் அச்சிட்டுப் பழகுநர் கையில் கொடுங்கள். எந்த மாதம் எந்தப் பிரிவில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று அவனே சரிபார்க்கட்டும். முறையீடு கேட்கும் அலுவலர் சென்னையில் மட்டும் இராமல் மாவட்டந்தோறும் இருக்கட்டும். ஓர் ஆலையில் பயிற்சி முடித்தோர் எத்தனை பேர், அவர்களுள் பணி பெற்றோர் எத்தனை பேர் என்னும் கணக்கை ஆண்டுதோறும் ஆலை வாயிலில் எழுதி ஒட்டுங்கள். இது ஒன்றே போதும். எந்த ஆலை பழக்குகிறது, எந்த ஆலை பிழிகிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். பழகுநரைத் தொழிலாளி என்னும் வரையறையிலிருந்து விலக்கிய சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். பயிற்சியைத் துறந்து ஓடாதீர்கள், குனிந்தும் கிடக்காதீர்கள். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். ஒவ்வொரு நாளும் செய்த வேலையையும் கற்ற பாடத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் முழுதும் கற்றது எதுவுமில்லை என்று அக்குறிப்பேடு காட்டினால், அதனை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் செல்லுங்கள். தனியாகச் செல்லாமல் உடன் பழகுவோர் அனைவரும் சேர்ந்து செல்லுங்கள். ஒருவன் கேட்டால் அது முணுமுணுப்பு. முப்பது பேர் கேட்டால் அது முறையீடு.

ஓராண்டு என்பது ஆலைக்கு ஒரு வரவுசெலவுக் கணக்கு. இருபத்திரண்டு வயது இளைஞனுக்கோ அது திரும்பி வராத பொருள். அதனை வாங்கிக்கொள்பவர்கள் விலை கொடுத்தாக வேண்டும்: தொழிலாகவேனும், ஊதியமாகவேனும், வேலையாகவேனும். மூன்றில் ஒன்றும் தராமல் ஓராண்டை எடுத்துக்கொள்வதற்கு நம் மொழியில் வேறொரு பெயர் உண்டு. அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை, வாசகர்கள் அறிவார்கள்.